பாளையங்கோட்டை மொட்டை மாடி நியூட்ரினோ வகுப்பு: 300 ரூபாய்க்குத் தகுமா?

பேட்டையில் மளிகைக் கடை நடத்துகிறவனுக்கு நியூட்ரினோ எதுக்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகளை இருட்டில் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, சும்மா வாசலில் நிற்பதற்கு நானும் காசு கட்டி உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் பாளையங்கோட்டையில் தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். நாலு ஞாயிற்றுக்கிழமை, ஆறரையிலிருந்து எட்டரை வரை, நாலுக்கும் சேர்த்து ஆளுக்கு 300 ரூபாய். விஷயம், வெடித்துச் சாகிற நட்சத்திரத்துக்குள் (இந்த வெடிப்புக்குப் பேர்தான் சூப்பர்நோவா) என்ன நடக்கிறது என்பதை, நியூட்ரினோ என்கிற, எதிலும் லேசில் முட்டாத சின்னஞ்சிறு துகளை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொசு பிடுங்கி எடுக்கிறது. மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது, வயசானவர்கள் இருட்டில் இறங்கும்போது பயமாக இருக்கிறது. புரொஜெக்டர் படம் சுண்ணாம்புச் சுவரில் விழுவதால் எண்கள் எல்லாம் கலங்கல். கையில் கொடுத்த ஜெராக்ஸ் அதைவிட மோசம். முதல் வாரம் முழுக்க சமன்பாடாகவே போனது, நான் பாதி நேரம் கடைக் கணக்கைத்தான் மனசில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் கரண்ட் போனது. நல்லதாகப் போயிற்று. சார் எழுந்து தெற்கே கையைக் காட்டி, 1987 பிப்ரவரி 23, நம்ம நேரம் மதியம் 1 மணி 5 நிமிஷம் என்று ஆரம்பித்தார். இங்கே எல்லாரும் சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், வெடித்த ஒரு நட்சத்திரத்திலிருந்து 1,68,000 வருஷம் பயணம் செய்து வந்த நியூட்ரினோக்கள், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஆயிரம் கோடிக் கணக்கில், நம்மையும் பூமியையும் துளைத்துக்கொண்டு போய்விட்டன. அத்தனையில் துகள் பிடிக்கிற கருவிகளில் மாட்டியது ஜப்பானில் காமியோகாண்டே தொட்டியில் 11, அமெரிக்காவில் ஐஎம்பி தொட்டியில் 8, அன்றைய சோவியத் நாட்டின் பாக்சானில் 5. ஆக மொத்தம் இரண்டு டஜன். வெடிப்பின் வெளிச்சம் சில மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அந்த நட்சத்திரம் இருந்த பெரிய மெகல்லன் மேகம் என்கிற பக்கத்து நட்சத்திரக் கூட்டம் நம்ம ஊரில் தெற்கு அடிவானத்துக்கு மேலே 12 டிகிரிக்குத்தான் ஏறுமாம். சார் அப்போது உவரி கடற்கரைக்கே போய்த் தேடியிருக்கிறார். "பார்த்தேன்னு சத்தியம் பண்ண மாட்டேன் அண்ணாச்சி, மூட்டமா இருந்தது" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு ஆளைப் பிடித்துப்போனது.

வெடிப்பில் வெளியாகும் ஆற்றலில் 99 சதவீதத்தை நியூட்ரினோதான் தூக்கிக்கொண்டு போகிறது. எதிலும் முட்டாமல் பூமியையே கடந்துபோகிற இந்தத் துகள், நொறுங்கி விழுகிற நட்சத்திரத்தின் நடுவில் மட்டும் அணுக்கருக்களில் முட்டி முட்டிச் சிக்கிக்கொண்டு, வெளியே வர சில நொடிகள் திணறுகிறது. அப்படித் திணறும்போது அது விட்டுவிட்டுப் போகிற கொஞ்சம் சூடுதான் வெளி அடுக்கை உதைத்துத் தள்ளுகிறது என்று நினைக்கிறார்கள். ஆக, நியூட்ரினோ அணுக்கருவில் எவ்வளவு பலமாக முட்டுகிறது என்பது தெரியாமல் கதையை முடிக்க முடியாது.

அதை எங்கே அளக்கிறார்கள்? அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில். புரோட்டான் கற்றையைப் பாதரசத்தில் அடித்தால், கூடவே சூப்பர்நோவாவில் வருகிற அதே ஆற்றல் அளவில் நியூட்ரினோவும் வருகிறது. கட்டடத்தின் அடித்தள நடைவழியில், சுமார் 20 மீட்டர் தள்ளி, 14.6 கிலோ சீசியம் அயோடைடு படிகத்தை வைத்தார்கள். என் கடையில் ஒரு அரிசிச் சிப்பம் அதைவிடக் கனம். 1974இல் இயற்பியலாளர் டேனியல் ஃப்ரீட்மன் கணக்குப் போட்டுச் சொன்ன மோதல், நியூட்ரினோ அணுக்கருவை முழுசாக ஒரே பொருளாகத் தட்டுவது, 2017இல்தான் அதில் முதல்முறையாகத் தெரிந்தது. 308 நாள் காத்திருப்புக்கு சுமார் 134 தட்டல். நெல்லையப்பர் தேரில் ஈ மோதினால் தேர் எவ்வளவு நகரும், அதைக் கண்டுபிடிக்கிற வேலை இது என்றார் சார். அணுக்கருவுக்குள் இருக்கிற நியூட்ரான்கள் எல்லாம் ஒரே தாளத்தில் வடம் பிடிப்பதால், பத்து இருந்தால் பலன் பத்து மடங்கு இல்லை, நூறு மடங்கு என்றும் சொன்னார். தேர் வடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாதே என்று என் மகள் கேட்டாள். பொருந்தாதுதான் என்று ஒத்துக்கொண்டார்.

எனக்கு மண்டையில் ஏறியது மூன்றாம் வாரம் சொன்ன ஈயக் கதைதான். கனடாவில் சட்பரி சுரங்கத்துக்குள் ஹேலோ என்று 79 டன் ஈயத்தை வைத்துக்கொண்டு அடுத்த சூப்பர்நோவாவுக்குக் காத்திருக்கிறார்கள். ஈயமும் ஒரு பழைய ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எடுத்ததாம், வியாபாரிக்குப் பிடித்த விஷயம். நியூட்ரினோ ஈயத்தில் மோதினால் நியூட்ரான் தெறிக்கும், அதை எண்ணிக்கொள்ளலாம். ஆனால் ஓக் ரிட்ஜில் உண்மையாகவே எண்ணிப் பார்த்தபோது, கணக்கு சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. நான் உடனே, "சார், முத்திரை போடாத தராசுல நிறுத்த மாதிரி" என்றேன். எங்கள் கடைத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும், போடாத தராசு முக்கால் கிலோவை ஒரு கிலோ என்று காட்டினாலும் எதிரே நிற்கிறவருக்குத் தெரியாது. சார் அதை அடுத்த வாரம் தன் படத்திலேயே சேர்த்துவிட்டார், எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். நியூட்ரினோ பிடிக்க அமெரிக்காவில் டியூன் என்று கட்டுகிற பெரிய திரவ ஆர்கான் தொட்டிக்கும் இதே பாடுதான். ஆர்கான் நியூட்ரினோவை வாங்கிப் பொட்டாசியமாக மாறுகிற வேகத்துக்குப் பெரும்பாலும் தாளில் போட்ட கணக்கைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இங்கே கூடங்குளம் இருக்கே, அங்கேயே அளக்கக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். அணு உலையிலிருந்து வருவது எதிர்-நியூட்ரினோ, ஆற்றலும் பெரும்பாலும் 10 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குள், இந்த வேலைக்குக் காணாது என்று பொறுமையாக விளக்கினார். நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் போட்ட தேனி பொட்டிப்புரம் பேச்சு வந்ததும் இரண்டு பேர் சண்டைக்கு நின்றார்கள், சுக்குக் காபி வந்து காப்பாற்றியது. காபி நன்றாகவே இருந்தது.

பரீட்சை மார்க்குக்காகப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் போக வேண்டாம், ஒரு கேள்விகூட இதிலிருந்து வராது. சமன்பாடு ஆகாதவர்கள் முதல் வாரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுங்கள், வீட்டு முன்னால் இடம் இல்லை. ஐந்துக்கு நாலு. அடுத்த வகுப்பு கார்த்திகை மழை விட்ட பிறகு, அதற்குள் படிக்குக் கைப்பிடி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். வைத்தால் என் அம்மாவையும் கூட்டிப்போவேன்.