பழைய அக்கார்டு வி6 வாங்குறீங்களா? முதலில் ஆக்டிவ் மவுண்டைப் பாருங்க

கோவை, திருப்பூர் பக்கம் பழைய ஹோண்டா அக்கார்டு 3.5 லிட்டர் வி6 (2008-ல் வந்த தலைமுறை) தேடுபவர்கள் பெயின்ட், டயர், ஏசி எல்லாம் பார்ப்பார்கள். என்ஜினைத் தாங்கும் ஆக்டிவ் மவுண்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பெரிய செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சுமை குறைந்தால் இந்த என்ஜின் ஆறு சிலிண்டரில் இரண்டையோ மூன்றையோ நிறுத்திக்கொள்ளும். 1800 ஆர்பிஎம்மில் ஆறும் ஓடினால் நொடிக்கு 90 முறை எரிபொருள் வெடிக்கும், ஒவ்வொரு வெடிப்பும் என்ஜினுக்கு ஒரு உதை. மூன்று மட்டும் ஓடினால் 45. சோமனூர், பல்லடம் தறிக்குடோன் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், கனமான மெதுவான அடிதான் சுவர் தாண்டி வரும். அதைச் சாதா ரப்பர் முழுசாக விழுங்காது. அதனால் முன், பின் மவுண்டுகளுக்குள் திரவமும் மின்காந்தச் சுருளும் வைத்திருக்கிறார்கள். என்ஜின் சுழலும் நிலையைச் சொல்லும் கிராங்க், கேம் சென்சார்களை வைத்து கன்ட்ரோல் யூனிட் அதிர்வைக் கணிக்கும். சுருள் அதற்கு எதிராகத் திரவத்தை அசைத்து அடியை அடக்கும். நல்ல நிலையில் இருந்தால் மீட்டரில் ஈகோ விளக்கு எரிவதை வைத்துத்தான் சிலிண்டர் நின்றதே தெரியும். அந்த விஷயத்தில் முழு மார்க் கொடுக்கலாம்.

டெஸ்ட் டிரைவை ஊருக்குள் முடித்துக்கொள்ளாதீர்கள். சிக்னலில் ஐடிலிங்கில் ஆறு சிலிண்டரும் ஓடும், கோளாறு மறைந்துவிடும். அவிநாசி தாண்டி பெருந்துறை பக்கம் நாலு வழிச் சாலையில் ஆக்சிலரேட்டரை லேசாக, ஒரே சீராக மிதியுங்கள். ஈகோ விளக்கு எரியும் நேரத்தில் மட்டும் தரையிலும் சீட்டிலும் 'உம்ம்' என்று தடித்த உறுமல் வந்து, கொஞ்சம் மிதித்ததும் நின்றால் மவுண்டைச் சந்தேகப்படுங்கள்.

வண்டியைத் தூக்கியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். மவுண்டின் அடியில் ஈரம் கசிந்து, அதில் புழுதி ஒட்டி அடையாகப் படிந்திருந்தால் உள்ளே இருக்கும் திரவம் வெளியேறியிருக்கலாம். வயர் கனெக்டரைக் கழற்றி அதன் ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கேனரில் மவுண்ட் சர்க்யூட்டுக்கான கோளாறு எண் (எரர் கோட்) வந்தால், மவுண்டைக் குறை சொல்வதற்கு முன் வயரிங்கைச் சரிபார்க்கணும்.

நம்ம ஊர் வாட்டர் வாஷில் அடியில் டீசல் அடிக்கும் பழக்கம் இருக்கிறதே, மவுண்டுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. டீசல் பட்ட ரப்பர் ஊதி மிருதுவாகி, இரும்போடு ஒட்டிய இடத்தில் விட்டுவிடும். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹைபிரஷர் தண்ணீரையும் கனெக்டர் மேல் அடிக்க விடாதீர்கள்.

மாற்றும்போது ஜாக்கியை ஆயில் சம்ப் (என்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) மேல் நேரடியாகக் கொடுத்தால் சம்ப் நசுங்கும்; அகலமான மரக்கட்டை வைக்கணும், மேலிருந்து தொங்கவிட முடிந்தால் இன்னும் நல்லது. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் போட்டு, என்ஜின் தன் எடையில் உட்கார்ந்த பிறகு டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். இழுத்துப் பிடித்த நிலையில் முறுக்கினால் புது மவுண்டும் உதறும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். சைடு மவுண்டையும் கியர்பாக்ஸ் மவுண்டையும் சேர்த்தே பாருங்கள்; அதில் ஒன்று தொய்ந்திருந்தால் ஆக்டிவ் மவுண்ட் மட்டும் என்ன செய்யும்?

'சாதா மவுண்ட் போட்டுக்கலாங்க, பாதி காசுகூட ஆகாது' என்பார்கள். ஐடிலிங்கில் வித்தியாசம் தெரியாது, ஹைவேயில் உறுமல் திரும்ப வரும். டெம்பரேச்சர் சென்சாரில் ரெசிஸ்டர் போட்டு, என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டரை ஏமாற்றி, சிலிண்டர் நிற்காமல் செய்யும் குறுக்குவழியும் உண்டு. உறுமல் போய்விடும், மைலேஜும் குறையும், கம்ப்யூட்டருக்கு உண்மையான சூடும் தெரியாது. மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் ஏறுகிற வண்டிக்கு அந்த வேலை செய்யவே கூடாது.

ஒரிஜினல் மவுண்ட் முன், பின் இரண்டுக்கும் விலை கேட்டு, அதை வண்டி விலையில் கழித்துக் கொடுத்தால் வாங்குங்கள். கழிக்க மாட்டேன் என்றால் நாலு சிலிண்டர் 2.4-ஐப் பாருங்கள்.