பெரிய கான்வாஸுக்கு முன்: பேனா மையா, ஆயில் ஸ்கெட்சா?

பல உருவங்கள் முட்டி மோதும் ஒரு வரலாற்றுக் காட்சியைப் பெரிய கான்வாஸில் தீட்ட இறங்கியபோது, முன்வரைவைத் தாளில் பேனா மையால் போடுவதா, சின்ன கான்வாஸில் ஆயிலால் போடுவதா என்ற கேள்வி வந்தது. பேனாவைத்தான் எடுத்தேன். அந்தத் துணிவைத் தந்தவர், ‘மெதூஸின் தெப்பம்’ தீட்டிய பிரெஞ்சு ஓவியர் தியோதர் ஜெரிக்கோ.

1816 ஜூலையில் மெதூஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் இன்றைய மொரித்தானியாவுக்கு அப்பால் தரைதட்டியது. தெப்பத்தில் ஏற்றிவிடப்பட்ட ஏறக்குறைய 150 பேரில், 13 நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 15 பேர்தான். இதில் எந்த நொடியை வரைவது? கலகம், பிணத்தைத் தின்ற கொடுமை, மீட்புப் படகு, கடைசியில் அவர்களை மீட்ட ஆர்கஸ் கப்பல் தொலைவில் தெரிந்த கணம் என்று ஒவ்வொன்றையும் தாளில் போட்டுப் பார்த்துத்தான் கடைசியில் ஆர்கஸுக்கு வந்தார் ஜெரிக்கோ. முதல் வரைவுகளில் பெரிதாகத் தெரிந்த அந்தக் கப்பல், 1819 பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைத்த 491 × 716 செ.மீ. ஓவியத்தில் அடிவானத்துப் புள்ளியாகச் சுருங்கிவிட்டது. பார்க்கும்போது வயிற்றைப் பிசைவது அந்தப் புள்ளிதான்.

செலவு, காயும் நேரம் எல்லாருக்கும் தெரிந்தவை. எனக்கு முக்கியம், மனதை மாற்றிக்கொள்ள எது விடுகிறது என்பது. ஆயிலில் ஒரு தோள்மேல் வெளிச்சம் அழகாக விழுந்துவிட்டால் போதும், கம்போசிஷன் (உருவங்களை அடுக்கிய விதம்) தப்பென்று தெரிந்தாலும் அழிக்கக் கை வராது. பேனாவில் அந்தப் பாசம் ஒட்டாது. உயர்த்திய கையை ஒன்றன்மேல் ஒன்றாக நாலு விதமாக இழுக்கலாம். எது சரி என்று அங்கேயே தெரியும். தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் கூட்டம் இடவலமாக மாறித் தெரியும். பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உடனே பிடிபடும்.

ஆயிலே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஜெரிக்கோவும் காட்சி முடிவான பின் ஆயில் ஸ்கெட்ச் போட்டார். அவை பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இருட்டின் ஆழத்தைக் கோடு சொல்லாது, மேலே வாஷ் (நீர் கலந்த மைப் பூச்சு) கொடுத்தால் ஓரளவு சொல்லும். எரியும் நகரம்போல நிறமே கதையாகும் படத்தில் ஆயில் முந்தக்கூடும். அந்த மாதிரிப் படங்களில் எனக்கு அனுபவம் குறைவு.

மூன்றாவது வழியும் உண்டு. தப்பிப் பிழைத்த கப்பல் தச்சரைக் கொண்டு தெப்பத்தின் மாதிரி ஒன்றைச் செய்யவைத்து, அதன்மேல் மெழுகு உருவங்களை நகர்த்திப் பார்த்தார் ஜெரிக்கோ. யார் யாரை மறைக்கிறார்கள் என்று பார்க்க அருமையான வழி. ஆனால் எந்தக் கணம் என்பது தாளில் முடிவான பிறகுதான் அதற்கு வேலை.