'4கே' என்று விற்று டிவிடி ஓட்டினார்கள்: 'தி ஷைனிங்' பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

லண்டனில் ஒரு சின்னத் திரையரங்கு. விளம்பரத்தில் போட்டிருந்தது: ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய திகில் படம் 'தி ஷைனிங்', 4கே (மிகத் துல்லியமான டிஜிட்டல் தரம்) மறுசீரமைப்பு, 144 நிமிடம். வழக்கமான காட்சிகளைவிடக் கட்டணமும் கூடுதல். விளக்கணைந்ததும் திரையில் வந்தது டிவிடி மெனு. படம் சதுரமாக நடுவில் நின்றது. இரு பக்கமும் கறுப்பு, ஓரத்திரையைக்கூட இழுத்துவிடவில்லை. 1 மணி 55 நிமிடத்தில் முடித்து விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

மீதி 29 நிமிடம் எங்கே போனது? 1980 மே மாதம் அமெரிக்காவில் வெளியான சில நாட்களிலேயே, கடைசியில் வரும் மருத்துவமனைக் காட்சியைக் குப்ரிக் வெட்டினார். மிஞ்சியது 144 நிமிடம். ஐரோப்பாவுக்கு இன்னும் 25 நிமிடம் குறைத்து 119 ஆக்கினார். பிரிட்டன் அரங்குகளுக்கு நீண்ட பதிப்பு வந்ததே 2012இல்தான். அந்த 119 எப்படி 115 ஆனது? படம் எடுத்தது வினாடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பியத் தொலைக்காட்சிகளின் 'பால்' (PAL) முறை டிவிடி 25 ஃபிரேமில் ஓடும். நாலு சதவீதம் கூடும் வேகத்தில் நாலு நிமிடத்துக்கு மேல் போய்விடும், குரலும் இசையும் லேசாகக் கீச்சென்று ஏறும்.

குறுகிய பதிப்பும் குப்ரிக் கையால் வெட்டியதுதான், அதுவே மேல் என்பவர்களும் உண்டு. 144 என்று விற்றுவிட்டு அதைப் போட்டதுதான் மோசடி.

எது ஓடுகிறது என்று தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கலாம். சிறுவன் டேனி மயங்கியதும் வீட்டுக்குப் பெண் மருத்துவர் வருவார்; அவன் தோள் எப்படி நழுவியது என்று அவன் அம்மா வெண்டி அவரிடம் சொல்வாள். குறுகிய பதிப்பில் அந்த மருத்துவரே கிடையாது. சட்டகத்தையும் பாருங்கள். அரங்குக்கான அளவு 1.85:1. பழைய டிவிடிகளில் தொலைக்காட்சிக்காக, அரங்கில் மறைக்கப்படும் மேல் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் திறந்துவிட்டிருப்பார்கள். தொடக்க மலைப்பாதைக் காட்சியில் கீழ் ஓரத்தில் படமெடுத்த ஹெலிகாப்டரின் நிழல் ஓடினால் அந்தப் பழைய டிவிடிதான்.

ஒலி நடுவிலிருந்து மட்டும் வருகிறதே என்று சண்டை போடாதீர்கள். 1980இல் இந்தப் படம் வெளியானதே மோனோவில், அதாவது ஒற்றைத் தட ஒலியில். ஆனால் டேனியின் மூன்று சக்கர வண்டி மரத்தரையில் கடகடப்பதும் கம்பளத்தில் அடங்குவதும் காதில் பிரிந்து விழ வேண்டும். விழாவிட்டால் ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், போய்ச் சொன்னால் ஏற்றுவார்கள்.

அரங்குகள் இப்படிச் செய்யக் காரணம் எளிது. அரங்குகளுக்கு அனுப்பும் டிஜிட்டல் படக்கோப்பு (டிசிபி) பூட்டோடு வரும். அதைத் திறக்கும் சாவி (கேடிஎம்) அந்த அரங்கின் சர்வருக்கு மட்டும், குறித்த நாள் நேரத்துக்கு மட்டும் வேலை செய்யும். சாவி வராவிட்டாலோ, செலவை மிச்சம் பிடிக்க நினைத்தாலோ, கையில் கிடைப்பது டிஸ்க். உரிமம் வாங்கி டிஸ்க்கில் ஓட்டுவது குற்றமில்லை. ஃபிலிம் கிளப்புகள் சொல்லிவிட்டே ஓட்டுகின்றன.

டிக்கெட் எடுப்பதற்கு முன் மின்னஞ்சலில் இரண்டே கேள்வி: டிசிபியா டிஸ்க்கா, எத்தனை நிமிடம்? பதிலையும் விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அரங்குக்குள் திரையைப் படம் எடுக்காதீர்கள், திருட்டுப் பதிவு என்று உங்களையே பிடிப்பார்கள். மருத்துவர் வரவில்லை என்றால் அப்போதே எழுந்து போய் மேலாளரைப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் 'முழுக்க உட்கார்ந்து பார்த்தீர்களே' என்பார்கள். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்கும்போது சேவையைப் பற்றிச் சொன்ன சொல் அவர்களைக் கட்டுப்படுத்தும். மாறினால் கட்டணத்தில் கழிவு கேட்கலாம். ஒப்புக்கொண்ட 14 நாட்களுக்குள் பணம் வந்தாக வேண்டும். மறுத்தால் வங்கியில் 'சார்ஜ்பேக்' (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேளுங்கள். இலவச டிக்கெட்டை நீட்டினால் வாங்கும் முன் காலாவதித் தேதியையும், சிறப்புக் காட்சிகளுக்குச் செல்லுமா என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் செல்லாது.