மலிவு ‘அப்ரைட்’ வேக்குவம் கிளீனர் வாங்கப் போகிறீர்களா? என் 3,499 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

அம்மாவுக்கு வீசிங் உண்டு. மேடவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மெட்ரோ வேலை நடக்கிறது. காலையில் துடைத்த தரையில் சாயங்காலம் கால் வைத்தால் மாவு மாதிரி ஒட்டும். பெருக்கினால் அந்தத் தூசி மேலே கிளம்பும், அம்மா அரை மணி நேரம் இருமுவார். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குனிந்து நிமிர அம்மாவின் இடுப்பும் இடம் கொடுப்பதில்லை. அதனால் நின்றபடியே தள்ளக்கூடிய அப்ரைட் வகை வேக்குவம் கிளீனராகப் பார்த்தேன். கையில் இருந்தது 4,000 ரூபாய்.

ஆன்லைன் தீபாவளித் தள்ளுபடியில் ஒன்று கண்ணில் பட்டது. 600 வாட், 16 கிலோபாஸ்கல் உறிஞ்சும் திறன், ஹெப்பா ஃபில்டர் (நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டி), ஒரு வருட வாரண்டி, விலை 3,499 ரூபாய். படத்தில் ஒரு பெண் நிமிர்ந்து நின்று தள்ளுகிறார், கீழே வாய்ப்பகுதியில் உருளை பிரஷ் சுழல்கிறது. ஆர்டர் போட்டுவிட்டேன்.

பெட்டியைப் பிரித்ததும் முதல் ஏமாற்றம். உருளை பிரஷ் இல்லை. கையில் பிடித்து சோபா தட்டுகிற சின்ன மெஷின் ஒன்று, அதில் செருக இரண்டு பிளாஸ்டிக் குழாய், நுனியில் ஒரு தட்டையான வாய். அவ்வளவுதான். உண்மையான அப்ரைட்டில் அடிப்பகுதியில் மோட்டாரோ பெல்ட்டோ சுற்றும் பிரஷ் இருக்கும், மெஷினின் பாரம் தரையில் இருக்கும், நாம் தள்ளினால் போதும். இதில் மோட்டார் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்ததால் மொத்தப் பாரமும் மணிக்கட்டில் விழுந்தது. ஹாலை முடிப்பதற்குள் அம்மா, “கை வலிக்குதும்மா, நீயே பண்ணு” என்று உட்கார்ந்துவிட்டார். யாருக்காக வாங்கினேனோ அவரால் அதைத் தூக்கவே முடியவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். நம் டைல்ஸ் தரைக்கு உருளை பிரஷ் அவ்வளவு அவசியமில்லை. விளிம்பில் மென்மையான மயிர் வைத்த சாதாரண வாயே போதும். நீளமான முடி இருக்கிற வீட்டில் உருளையில் முடி சுற்றிக்கொண்டு அதை வெட்டி எடுப்பதே தனி வேலை. தரைவிரிப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான் அது உண்மையில் உதவும். ஆனால் படத்தில் காட்டியதைப் பெட்டியில் வைக்காமல் விற்பது ஏமாற்றுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் நான்காம் நாள் தெரிந்தது. காலை வெயில் ஜன்னல் வழியாகக் கோடாக விழுகிற நேரம் மெஷினை ஓட்டினேன். பின்பக்கக் காற்றுத் துவாரத்திலிருந்து தூசி புகை போல வெளியே வந்து அந்த வெளிச்சக் கோட்டில் மிதந்தது. சற்று முன் துடைத்த டிவி ஸ்டாண்டில் விரலால் இழுத்தால் கோடு விழுந்தது. திறந்து பார்த்தேன். ஹெப்பா என்று சொன்ன இடத்தில் துணி மாதிரி ஒரு சின்னக் கிண்ணம், அதைச் சுற்றி ரப்பர் வாஷர் கூட இல்லை.

உண்மையான ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஃபில்டரே இருந்தாலும், சுற்றிலும் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும். அப்போது கண்ணுக்குத் தெரிகிற குப்பை மட்டும் உள்ளே நிற்கும், நெஞ்சுக்குள் போகிற நுண்தூசி அறை முழுக்கப் பரவும். துடைப்பம் கிளப்பியதை மோட்டார் வைத்து இன்னும் வேகமாகக் கிளப்பியிருக்கிறேன். அந்த வாரம் இரண்டு ராத்திரி அம்மா இன்ஹேலர் எடுத்தார். பணம் போனதைவிட இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வீட்டில் ஆஸ்துமாவோ தூசி அலர்ஜியோ இருப்பவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வையுங்கள். ‘ஹெப்பா வகை’, ‘ஹெப்பா போன்ற’ என்று எழுதியிருந்தால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

அப்புறம்தான் விளம்பரத்தில் இருந்த வாட், கிலோபாஸ்கல் எண்களைப் பற்றிப் படித்தேன். வாட் என்பது மெஷின் எவ்வளவு கரண்ட் தின்கிறது என்பதற்கான கணக்கு, எவ்வளவு இழுக்கிறது என்பதற்கு அல்ல. ஐரோப்பாவில் வேக்குவம் கிளீனர்களுக்கு 2014 செப்டம்பரில் 1,600 வாட் என்று உச்சவரம்பு வைத்தார்கள், 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டுக்குக் குறைத்தார்கள். தரைவிரிப்பு நிறைந்த அந்த வீடுகளே 900 வாட்டுக்குள் சுத்தமாகின்றன என்றால், பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் வாட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கிலோபாஸ்கல் என்பது வாயை முழுக்க அடைத்து அளக்கிற அழுத்தம். வாய் திறந்து காற்று ஓடும்போது அது இறங்கிவிடும். தூசியைத் தூக்கிப்போக அழுத்தத்தோடு காற்றோட்டமும் வேண்டும். அதை இந்த விலையில் விற்பவர்கள் பெரும்பாலும் எழுதுவதே இல்லை.

ஒயர் இல்லாதது வாங்கலாம் என்று நினைப்பவர்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி 11.1 வோல்ட், 2,000 மில்லிஆம்பியர் மணி என்றால் அதில் இருப்பது சுமார் 22 வாட்‌மணி. அதாவது 22 வாட் மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு. மோட்டார் 120 வாட் என்றால் 11 நிமிடம்தான் ஓடும். விளம்பரத்தில் 40 நிமிடம் என்று போட்டிருந்தால், அது ஆகக் குறைந்த வேகத்தில் ஓட்டிய நேரமாகத்தான் இருக்கும்.

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஐந்தாம் நாள் விண்ணப்பித்தேன். “மேடம், இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது. டெக்னீஷியன் வந்து பார்த்து, குறை இருந்தால் மாற்றித் தருவார்” என்றார்கள். டெக்னீஷியன் வருகிற தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. எட்டாம் நாள், ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று எழுதி என் புகாரை மூடிவிட்டார்கள். அன்று நான் லீவு போட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை, ஒரு போன்கூட வரவில்லை.

ஐந்தாவது வாரம் கருகல் வாசனையோடு மெஷின் நின்றுவிட்டது. வாரண்டி அட்டையில் இருந்த சர்வீஸ் சென்டர் முகவரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்ன மொபைல் ரிப்பேர் கடை. உள்ளே இருந்த தம்பி பாவம், “அக்கா, அவங்க ஸ்பேர் அனுப்பறதை நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு. எனக்கே பாக்கி வரணும்” என்றார். வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தால், “கோலமாவு, சிமெண்ட் தூசி மாதிரி ஏதாவது உறிஞ்சினீர்களா?” என்று கேட்டார்கள். வாசல் பக்கம் ஓட்டினேன், கொஞ்சம் கோலமாவு போயிருக்கலாம் என்று உள்ளதைச் சொன்னேன். உடனே, நுண்பொடிக்குப் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது என்றார்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் அது இருக்கத்தான் செய்தது. வாங்கும் பக்கத்தில் எங்குமே இல்லை. கோலமாவு விழாத வாசல் நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது?

இதில் ஒரு உண்மையும் இருக்கிறது. நுண்பொடி ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும், காற்று போகாமல் மோட்டார் சூடாகும். அதனால்தான் ஃபில்டரைத் தனியாக வாங்க முடிகிறதா என்பது விலையைவிட முக்கியம். கழுவிய ஃபில்டரை ஈரத்தோடு மாட்டினாலும் மோட்டார் கெட்டுவிடும். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும், ஆகவே கைவசம் இரண்டு வேண்டும். என் மெஷினுக்கு உபரி ஃபில்டர் எங்கேயும் கிடைக்கவில்லை. இனி எதை வாங்கினாலும் அதன் ஃபில்டரை முதலில் தேடி, கிடைத்தால்தான் மெஷினுக்குப் பணம் கட்டுவேன். முடிந்தால் கடைக்கே போய், அம்மாவை ஐந்து நிமிடம் தள்ளிப் பார்க்கச் சொல்வேன். வாரண்டியில் பேட்டரி, பெல்ட், பிரஷ் எல்லாம் சேருமா என்று பில்லிலேயே எழுதித் தரக் கேட்பேன்.

ஏற்கெனவே என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நான் செய்த பிறகுதான் விற்பனைத் தளத்திலிருந்து முதல் பதிலே வந்தது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளத்திலும் குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும். புகார் வந்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு 1,000 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம், புகாரை முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஒரு விஷயத்தில் நான் தப்பித்தேன். ஆர்டர் செய்த அன்றே உருளை பிரஷ் தெரிகிற அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் தம்பிக்கு அனுப்பியிருந்தேன். இப்போது அந்தப் பக்கத்தில் படத்தை மாற்றிவிட்டார்கள். நீங்களும் பணம் கட்டும் முன் விளக்கம், படம், ரிட்டர்ன் விதி மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி பிரிப்பதையும் வீடியோ எடுங்கள்.

பில், ஸ்கிரீன்ஷாட், புகார் எண்கள், அந்தக் கருகிய மெஷின் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கின்றன. அடுத்த வாரம் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். இப்போதைக்கு வீட்டில் காலையும் மாலையும் ஈர மாப்தான். அம்மாவை வெளியே திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நான் துடைக்கிறேன்.