1400 மி.மீ. ஃபோம் விமானம்: மட்டக்களப்பில் இரண்டு வருடப் பாவனை

பின்பக்கம் புரொப்பெல்லர் தள்ளும், ஈ.பி.ஓ. ஃபோமில் வார்த்த, ரிமோட்டில் பறக்கும் பயிற்சி மாதிரி விமானம் இது. வேளாண்மை வெட்டிய வயலிலும் கல்லடிக் கரையோரத்திலும் இரண்டு வருடம் பறந்துவிட்டது. ஃபோம் உடைந்தால் பயப்படத் தேவையில்லை, ஒட்டிவிடலாம். இந்தக் கரையில் விமானத்தைத் தின்பது உப்பும் வெயிலும்தான். காசைச் செலவழிக்க வேண்டியதும் அந்த இடத்தில்தான்.

மூக்கு நசுங்கினால் ஒட்டுப்பசையை எடுக்காதீர்கள். முதலில் பற்றரி, ரிசீவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரில் நசுங்கிய பகுதியை மட்டும் 20, 30 விநாடி அமிழ்த்துங்கள். அமுங்கிய ஃபோம் மணிகள் கண்முன்னே ஊதி எழும். அதற்கு மேல் வைத்தால் மேற்பரப்பு பொரி போலப் புடைத்துவிடும், பிறகு வழவழப்பு வராது. ஊதவைத்த பிறகே ஒட்ட வேண்டும். பசை இறுகிய இடம் வெந்நீரில் எழும்பாது.

ஈ.பி.ஓ.வில் சுப்பர் குளூ தாராளமாகப் பிடிக்கும். ஆனால் பெட்டிகளில் வரும் வெள்ளை ரெஜிபோமை அதே குளூ கரைத்துவிடும். எது என்று தெரியாவிட்டால் உட்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். வால்தண்டு முறிந்தால் சுப்பர் குளூ போதாது, மூட்டு விறைத்து அடுத்த இறக்கத்தில் பக்கத்திலேயே முறியும். பொலியூரித்தேன் பசைதான் சரி. ஒரு முகத்தை ஈரத்துணியால் துடைத்து, மற்ற முகத்தில் மெல்லியதாகப் பூசி, டேப் சுற்றி இறுக்கி ஒரு இரவு விடுங்கள். இறுகும்போது பசை நுரைத்து ஊதும். டேப் தளர்வாக இருந்தால் வால் கோணிவிடும். பிறகு தண்டின் இரு பக்கமும் கட்டரால் கீறி, 3 × 1 மி.மீ. காபன் பட்டையை, முறிந்த இடத்துக்கு முன்னும் பின்னும் 15 செ.மீ. நீளும்படி, செங்குத்தாகப் புதையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் தண்டு மறுபக்கம் வளையும். ரிசீவரின் ஏரியல் அந்தக் காபனோடு ஒட்டியோ அதன் பின்னால் மறைந்தோ இருக்கக்கூடாது, 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையைக் காபன் மறைக்கும்.

வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு, மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். அதனால் திருத்துவதற்கு முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். இறக்கை வேர்ப்பக்கத்தில் 20 செ.மீ. அகலமென்றால் ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 50 முதல் 65 மி.மீ.க்குள் இருக்கட்டும். திருத்திய விமானத்தை முதல் தடவை 50 பக்கமாகவே விடுங்கள். மூக்குப் பாரமான விமானம் சோம்பலாகப் பறக்கும், ஆனால் கையை விட்டுப் போகாது.

மோட்டரை 2212 அளவு, 2200 கே.வி.க்கு (வோல்டுக்கு நிமிடத்தில் 2200 சுற்று) மாற்றி, 6 × 4 புரொப்பெல்லர் (அங்குலத்தில் விட்டம், பிட்ச்), மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 அம்பியர் ஈ.எஸ்.சி., 3 செல் 2200 மில்லியம்பியர்-மணி லிப்போ பற்றரி போட்டிருக்கிறது. வாட்மீற்றரை இடையில் மாட்டி முழுத் திராட்டிலில் அளந்துபாருங்கள். 24 அம்பியருக்கு மேல் போனால் 6 × 3க்கு இறங்குங்கள். புரொப்பெல்லரில் எழுத்துப் பொறித்த முகம் பறக்கும் திசையைப் பார்க்க வேண்டும். பின்தள்ளும் விமானங்களில் இதைத்தான் அதிகம் பிழையாக மாட்டுகிறார்கள். மோட்டர் உயரத்தில் இருப்பதால், பலம் கூடியதும் திராட்டில் கொடுத்தவுடன் மூக்குக் கவிழப் பார்க்கும். மோட்டரின் புரொப்பெல்லர் மாட்டிய பின்முனை சற்று மேல்நோக்கும்படி மோட்டர் தாங்கிக்குக் கீழே வாஷர் வைத்தால் அடங்கும்.

அரிதாளில் இறக்கும்போது சுக்கான்களை அசைக்கும் 9 கிராம் பிளாஸ்டிக் சேர்வோவின் பல் கழன்றுவிடும். உலோகப் பல் உள்ள எம்.ஜி.90 வகை நாலைந்து கிராம்தான் கூட. சேர்வோவைக் குளூ கன் மெழுகால் ஒட்டாதீர்கள். நண்பகலில் பூட்டிய காருக்குள் அது இளகி, சேர்வோ 1 மி.மீ. நகர்ந்தாலும் ட்ரிம் கெட்டுவிடும்.

கரையில் கறுப்புக் கோடாகத் தெரியும் மணல் மோட்டர்க் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கையால் சுழற்றினால் நறநறவென்று கேட்கும். பிரஷ் போட்டால் அங்கிங்கு நகருமே தவிர வராது. வட்டக் கிளிப்பைக் கழற்றி, காந்தம் உள்ள சுழலும் வெளிக்கூட்டை இழுத்தெடுத்து, டேப்பின் பசைப்பக்கத்தை அழுத்தி எடுங்கள். பெயாரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். உப்புக்காற்றில் சேர்வோ பிளக் ஊசிகள் பச்சை பூக்கும், மெல்லிய வாஸ்லின் பூச்சு நன்றாகத் தாங்குகிறது.

வாவியில் விழுந்தால் உடனே பற்றரியைக் கழற்றுங்கள். ஈ.எஸ்.சி., ரிசீவர், மோட்டர் மூன்றையும் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள் (சில கிணறுகள் உவர்), பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோலில் கழுவி, மின்விசிறிக்கு முன்னால் ஒரு நாள் காயவிடுங்கள். உப்புநீர் ஏறிய லிப்போவை மறுபடி சார்ஜ் போடவே வேண்டாம்.

கச்சான் (தென்மேல் பருவக்காற்று) வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்குள் பறந்து முடிப்பது நல்லது. விமான நிலையப் பக்கம் போகாதீர்கள், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாரியில் பறக்காத வாரங்களில் லிப்போவை செல்லுக்கு 3.8 வோல்டில் வையுங்கள். முழுச் சார்ஜோடு கார்த்திகை முதல் தை வரை கிடந்த பற்றரி ஊதித்தான் வெளியே வரும்.