ஓர் எண்ணை ஓராண்டு உயிரோடு வைத்திருக்க எவ்வளவு ஆகும்?

கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் தனியாக வசிக்கும் என் அம்மாவிடம் இருப்பது ஒரு பட்டன் போன். நாங்கள் அழைத்தால் எடுத்துப் பேச வேண்டும், கணக்கில் பணம் ஏறினால் வங்கியின் குறுஞ்செய்தி வர வேண்டும், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் ஓடிபி எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். கைபேசியால் அவருக்கு ஆக வேண்டிய காரியம் இவ்வளவுதான். இந்தத் தேவைக்கு அவர் ஆண்டு முழுவதும் எவ்வளவு செலவழிக்கிறார் என்பதை நான் பல ஆண்டுகள் யோசித்துப் பார்த்ததே இல்லை. "மாசம் முடியறதுக்குள்ளயே கட்டாயிடுதேடா" என்று அவர் ஒருநாள் கேட்ட பிறகுதான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். இணையம் அதிகம் பயன்படுத்தாத, ஆனால் எண்ணை இழக்கவும் முடியாத ஒருவருக்கு ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பி.எஸ்.என்.எல். ஆகிய நான்கில் எது ஏற்றது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். நாள்தோறும் இரண்டு ஜிபி தீர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது.

அம்மா சொன்னது உண்மை. நம் ஊரில் ரீசார்ஜ் மாதம் என்பது 28 நாள். ஆங்கில மாதமும் தமிழ் மாதமும் பன்னிரண்டாக இருக்க, ரீசார்ஜ் கடைக்காரருக்கு மட்டும் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். முப்பது நாள் ஓடும் திட்டம் ஒன்றையும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கக்கூடிய திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 இல் ஆணையிட்டது. அப்படிப்பட்ட திட்டங்கள் பட்டியலில் உண்டு. ஆனால் கடையில் "மாசத்துக்குப் போடுங்க" என்று கேட்டால் கடைக்காரரின் விரல் போவது இன்னமும் 28 நாள் திட்டத்துக்குத்தான்.

2024 ஜூலை 3, 4 தேதிகளில் மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் 155 ரூபாயாக இருந்த 28 நாள் திட்டம் 189 ஆயிற்று. ஏர்டெல்லிலும் வியிலும் 179 ஆக இருந்தது 199 ஆயிற்று. பதின்மூன்றால் பெருக்கினால் ஓராண்டுக்கு ஜியோவில் 2,457 ரூபாய், மற்ற இரண்டிலும் 2,587 ரூபாய். இந்தத் தொகையில் ஒவ்வொரு 28 நாளுக்கும் இரண்டு ஜிபி டேட்டாவும் அடக்கம். பட்டன் போன் வைத்திருப்பவர் அந்த டேட்டாவுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார், ஒரு துளிகூடத் தொடாமல்.

இந்த அநியாயம் டிராயின் கண்ணில் பட்டதும் நல்லதாயிற்று. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டங்களைத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் அது விதியைத் திருத்தியது. சிறப்புத் திட்டங்களின் உச்சவரம்பையும் 365 நாளாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அவற்றை அறிமுகப்படுத்தி, சில நாளிலேயே விலையையும் திருத்தின. ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய். ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய். எல்லாவற்றிலும் பேச்சுக்கு வரம்பில்லை.

இங்கேதான் கண் ஏமாறுகிறது. 1,748 ரூபாயும் 1,849 ரூபாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முதலாவதுதான் மலிவு என்று யாரும் சொல்வார்கள். கடையில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் 336 என்பது பன்னிரண்டு முறை 28. ஓராண்டுக்கு அது 29 நாள் குறைவு. விலையை நாளால் வகுத்தால் ஜியோவில் ஒரு நாளுக்கு 5 ரூபாய் 20 காசும், ஏர்டெல்லில் 5 ரூபாய் 7 காசும் வருகின்றன. நூறு ரூபாய் குறைவாகத் தெரிந்த திட்டம் உண்மையில் சற்றே விலை கூடியது. 84 நாள் திட்டங்களில் இது தலைகீழாகி ஜியோ மலிவாகிறது. ஆகவே எந்த நிறுவனம் மலிவு என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தத் திட்டத்தின் ஒரு நாள் விலை எவ்வளவு என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். நான் சொல்லும் விலைகள் நான் கணக்குப் போட்டபோது இருந்தவை என்பதையும், விலையைத் தொடாமல் நாள்களை மட்டும் குறைக்கும் வழக்கம் இந்தத் துறையில் உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பி.எஸ்.என்.எல்.லின் 107 ரூபாய்த் திட்டம் ஒரு காலத்தில் 35 நாள் ஓடியது. பிறகு விலை அப்படியே நிற்க, நாள்கள் சுருங்கின.

அந்த பி.எஸ்.என்.எல்.லில்தான் அம்மாவுக்கு ஏற்றது கிடைத்தது. 1,198 ரூபாய்க்கு 365 நாள். மாதந்தோறும் 300 நிமிடப் பேச்சு, 3 ஜிபி டேட்டா, 30 குறுஞ்செய்தி. ஒரு நாளுக்கு 3 ரூபாய் 28 காசு. முந்நூறு நிமிடம் என்பது நாளுக்குப் பத்து நிமிடம். அதுவும் நாம் அழைக்கும் பேச்சுக்கு மட்டும். வரும் அழைப்புக்கு அளவில்லை. அம்மா சித்தியிடம் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடம் எந்த மூலைக்கு என்று எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் தலைமுறைக்கு மிஸ்டு கால் என்னும் கலை கைவந்தது. ஒருமுறை மணி அடித்துவிட்டு வைத்தால், வரம்பில்லாத் திட்டம் வைத்திருக்கும் நாங்கள் திருப்பி அழைத்துவிடுகிறோம். முதல் சில மாதங்களில் அவர் நூற்றைம்பது நிமிடத்தைத் தாண்டவில்லை.

விலையைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கையில் இருக்கும் கருவி. ஜியோவுக்கு 2ஜி வலையமைப்பே கிடையாது. அது 2016 இல் தொடங்கியபோதே 4ஜியில்தான் தொடங்கியது. ஆகவே கடையில் கிடைக்கும் சாதாரண 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம்மைப் போட்டால் பயனில்லை. அதற்கென்று 4ஜி வசதியுள்ள ஜியோபாரத் போன்ற கருவி வேண்டும். கருவியோடு சேர்த்துப் பார்த்தால் ஜியோபாரத்துக்கான 123 ரூபாய்த் திட்டம் மோசமில்லை. ஆனால் பழகிய பொத்தான்களை விட்டு வேறு கருவிக்கு மாற எழுபது வயதைத் தாண்டியவரைக் கட்டாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. மற்ற மூன்று நிறுவனங்களிலும் 2ஜி இருப்பதால் பழைய கருவியே போதும். தொடுதிரைக் கைபேசியில் பி.எஸ்.என்.எல். 4ஜியை எதிர்பார்ப்பவர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும்: அந்தச் சேவை 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வருகிறது; 700ஐப் பிடிக்காத பழைய கைபேசிகள் நிறையவே உள்ளன.

இரண்டாவது, சிக்னல். எங்கள் வீடு தடித்த மண்சுவரும் ஓட்டுக்கூரையுமாக, திண்ணையிலிருந்து கொல்லைப்புறம் வரை நீளமாகப் போவது. அம்மா பகல் முழுவதும் இருப்பது பின்கட்டுச் சமையலறையில். அக்கம்பக்கத்தாரிடமும் உறவினரிடமும் கேட்டு நான்கு நிறுவனங்களின் சிம்மையும் ஒவ்வொன்றாக அங்கே வைத்துப் பார்த்தேன். ஒன்று திண்ணையோடு நின்றுவிட்டது. இன்னொன்று முற்றத்தில் முழுக்கோடு காட்டி, சமையலறையில் மூச்சை விட்டது. அவை எவை என்று சொல்வதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அடுத்த தெருவிலேயே முடிவு மாறிவிடக்கூடும். டவர் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எந்த அலைவரிசையில் அனுப்புகிறது, நடுவே எத்தனை சுவர் என்பதைப் பொறுத்தது அது. நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பைக் காட்டும் வரைபடங்களை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. அவற்றில் ஊரைத் தேடிப் பார்ப்பது தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் சமையலறைச் சுவர் எந்த வரைபடத்திலும் இல்லை.

பி.எஸ்.என்.எல்.லின் குறைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தனியார் நிறுவனங்கள் 5ஜிக்குப் போன பிறகும் அது 4ஜிக்குத் தவித்துக்கொண்டிருந்தது. டி.சி.எஸ்., தேஜஸ், சி-டாட் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய உள்நாட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு அமைத்த 97,500 டவர்கள் 2025 செப்டம்பர் 27 அன்றுதான் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டன. கைபேசியிலேயே வேலை பார்ப்பவர்களுக்கும், காணொளி வகுப்பில் பிள்ளைகளை உட்கார வைப்பவர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்; நானே என் முதல் எண்ணைத் தனியாரிடம்தான் வைத்திருக்கிறேன். வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்துவிட்டதால் கைவிட முடியாத இரண்டாவது எண்ணுக்கும், பேசுவதற்கு மட்டும் கைபேசி வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் இதைவிட மலிவாக நான் எதையும் காணவில்லை.

வியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விலை ஏர்டெல்லை ஒட்டியே போகிறது. கடன் சுமையால் அரசுக்குத் தர வேண்டிய பாக்கியில் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றிக் கொடுத்ததில், 2025 இல் அரசே ஏறத்தாழ 49 விழுக்காட்டுக்கு உரிமையாளர் ஆயிற்று. நிறுவனத்தின் நிதிநிலை நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் 2018 பிப்ரவரியை நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் அப்போது படுத்தபோது, அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறத் தேவையான போர்ட் குறியீட்டைக் கேட்டு, சிக்னலே இல்லாத கைபேசியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்ப முடியாமல் எத்தனையோ பேர் கடை வாசலில் நின்றார்கள். ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டும்போது இதையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது தவறில்லை.

நிறுவனம் மாறுவது கடினமான வேலையன்று. PORT என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, கைபேசி எண்ணையும் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். நான்கு நாளுக்குள் அதையும் ஆதாரையும் கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். சிம் வாங்கியோ முன்பு மாறியோ 90 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பதால், அவசரப்பட்டுத் தவறான இடத்துக்குப் போனால் மூன்று மாதம் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். பழைய சிம்மில் மீதமிருக்கும் நாளும் பணமும் கூட வருவதில்லை. ஆகவே திட்டம் முடியப்போகும் வாரத்தில் தொடங்குவது நல்லது. மாறும் நாளில் பழைய சிம் அடங்கிப் புதியது உயிர்பெறச் சில மணி நேரம் ஆகும், அதற்குள் எந்த ஓடிபியும் வராது என்பதால் அன்றைக்குச் சிலிண்டர் வருமாறு வைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் வைத்துக்கொண்டோம்.