போட்டோவைத் திருப்பிப் பார்க்கும் படிப்பு

மதுரையில் ஒரு கலர் லேபில் ஆறு வருடம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்தவள் நான். புகைப்பட வரலாற்றில் முதுகலை படிக்கப் போகிறேன் என்றதும் லேப் முதலாளி அண்ணாச்சி சிரித்துவிட்டார். "போட்டோவுக்கு என்னம்மா வரலாறு? பின்னாடி திருப்பிப் பாரு, தேதி இருக்கும்."

முதலில் போனது ஒரு வெளிநாட்டுக் கல்வி கன்சல்டன்சிக்கு. பெயர் வேண்டாம். பதினைந்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று படிப்புகளைக் காட்டினார்கள். மூன்றும் கேமரா டிப்ளமோ. "படம் எடுக்க இல்லை சார், எடுத்த படங்களைப் பற்றிப் படிக்க" என்றேன். தம்பி ஒருவர் கனிவாகச் சொன்னார்: "அப்போ டேட்டா சயின்ஸ் பாருங்க மேடம், அதுலயும் இமேஜ் வரும்." ஐந்துக்கு அரை நட்சத்திரம். அந்த அரையும் அவர்கள் கொடுத்த ஃபில்டர் காபிக்கு.

அதற்குப் பிறகு நானே தேடினேன். தரவரிசைப் பட்டியல் இந்தப் படிப்புக்குப் பயன்படவில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: வகுப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பழைய அசல் படங்கள் இருக்கின்றனவா, அந்தப் பெட்டியை மாணவருக்குத் திறந்து காட்டுவார்களா?

அமெரிக்காவில் இது பெரும்பாலும் கலை வரலாற்றுத் துறைக்குள் பிஎச்.டி.யாக இருக்கிறது. பிரின்ஸ்டனில் 1972-லேயே புகைப்பட வரலாற்றுக்கென்று பேராசிரியர் இருக்கை வந்துவிட்டது. பீட்டர் பன்னல் அதில் அமர்ந்தார். ஆல்புகர்க்கியில், புகைப்பட வரலாற்றையே நூலாக எழுதிய பியூமாண்ட் நியூஹால் பாடம் நடத்தியிருக்கிறார். டூசானில், இயற்கைக் காட்சிப் படங்களுக்குப் பெயர்போன ஆன்சல் ஆடம்ஸும் சேர்ந்து 1975-ல் உருவாக்கிய ஆவண மையம் இருக்கிறது. ஆஸ்டினில் நியேப்ஸின் தகடு, அதாவது கேமராவில் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய படம், காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆசைதான். ஆனால் பிஎச்.டி. என்றால் ஐந்தாறு வருடம். உதவித்தொகை கிடைக்கலாம், என் வயது திரும்பக் கிடைக்காது.

டொராண்டோவில் இருப்பது வேறு ரகம். 2022 வரை ரயர்சன் என்று பெயர் கொண்டிருந்த பல்கலைக்கழகம், படங்களையும் ஃபிலிமையும் பாதுகாத்துப் பராமரிக்கும் தொழிலைக் கற்றுத்தருகிறது. பிளாக் ஸ்டார் செய்திப்பட நிறுவனத்தின் ஏறக்குறைய 2,92,000 பிரிண்டுகள் அங்கே இருக்கின்றன. அருங்காட்சியகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ வேலைக்குப் போக நினைப்பவர் முதலில் இதைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டரில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் படத்தைக் கலைப்பொருளாக மட்டும் பார்க்காமல், மனிதர்கள் கையில் புழங்கிய ஒரு பொருளாகப் பார்க்கிற மரபுக்குப் பெயர்போனது. எலிசபெத் எட்வர்ட்ஸ் அங்கே ஆராய்ச்சி மையத்தை வழிநடத்தியவர். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இவை சிறிய படிப்புகள். இந்த வருடம் சேர்க்கை உண்டா என்று துறைக்கே நேராக மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். வலைத்தளத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

நான் சேர்ந்தது ஸ்காட்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸில். ஒரு வருட எம்.லிட். அங்கே எம்.ஏ. என்பது இளநிலைப் பட்டம், எம்.லிட்தான் முதுகலை. இதை வீட்டில் விளக்கவே ஒரு வாரம் ஆனது.

ஏன் அந்த ஊர்? புகைப்பட முன்னோடி டால்பட், காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் கலோடைப் முறைக்கு 1841-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார், ஸ்காட்லாந்துக்கு வாங்கவில்லை. அதனால் அங்கே யாரும் தாராளமாகச் செய்து பார்க்கலாம். அவருடைய நண்பர் டேவிட் புரூஸ்டர் செயின்ட் ஆண்ட்ரூஸில் கல்லூரி முதல்வர். செய்முறை கடிதத்திலேயே வந்து சேர்ந்தது. ஜான் ஆடம்சன் என்ற டாக்டர் அதை விடாமல் செய்து பார்த்து, அதே ஆண்டில் ஒரு முகத்தைக் காகிதத்தில் பிடித்துவிட்டார். தம்பி ராபர்ட்டுக்கும் கற்றுக்கொடுத்தார். ராபர்ட் எடின்பரோ போய், 1843-லிருந்து ஓவியர் ஹில்லோடு சேர்ந்து எடுத்த படங்களை இன்றும் உலகம் பார்க்கிறது. 1848-ல் இறந்தபோது ராபர்ட்டுக்கு வயது 26. டாக்டர் வசித்த வீட்டில் இப்போது அவர் பெயரிலேயே ஓர் உணவகம் நடக்கிறது.

இன்னொரு வேடிக்கை, அந்த ஊரில் மெட்ராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளிக்கூடம்! எழும்பூரில் அனாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல்லின் சொந்த ஊர் அது. நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துப் போனவர், பிற்பாடு விட்டுச்சென்ற பணத்தில் வந்த பள்ளி. முதல் நாள் பலகையைப் பார்த்ததும் வீட்டு ஞாபகம் தொண்டையை அடைத்தது.

சரி, படிப்பு. இரண்டு பருவம் வகுப்பு, கோடையில் ஆய்வேடு. கேமராவைத் தொடவே வேண்டாம். வாசிப்பு அறையில் பென்சில் மட்டும்தான் அனுமதி. எனக்கு வாய்த்த பெரிய பாக்கியம் காகித நெகட்டிவ்களைக் கண்ணெதிரே பார்த்தது. ஆங்கிலேயப் படை அதிகாரியும் புகைப்படக்காரருமான லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் மதுரைக்கு வந்து திருமலை நாயக்கர் மகாலை எடுத்ததும் மெழுகு பூசிய காகித நெகட்டிவில்தான். அந்தப் படங்களில் வானத்தையும் மரங்களையும் அவர் நெகட்டிவிலேயே தீட்டித் திருத்தியிருப்பார். ஆறு வருடம் மாப்பிள்ளைகளுக்குப் பின்னால் ஊட்டி வானத்தை ஒட்டியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆய்வேட்டுத் தலைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.

முதல் செய்முறை வகுப்பில் ஒரு பழைய பிரிண்டை வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆசிரியை மெல்ல அதைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை, பசைக்கறை, யாரோ அடித்துத் திருத்திய ஒரு வருடம். அன்றைக்குப் பூரா அந்தப் பின்பக்கம்தான் பாடம். இரவு அண்ணாச்சிக்கு போன் போட்டேன். "அதைத்தானேம்மா நான் காசு வாங்காமச் சொன்னேன்" என்றார்.

செலவு அதிகம், அதை மறைக்க முடியாது. ஊர் சின்னது, ரயில் நிலையம் கிடையாது. லூக்கர்ஸில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். முழுக் கடனில் போகிறவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். எனக்கு நாலரை நட்சத்திரம்.

வேலை கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டாக்டர் ஆடம்சனிடம் தொழில் கற்ற தாமஸ் ரோஜர் அந்த ஊரில் ஒரு ஸ்டூடியோ கட்டினார். அந்தக் கட்டடத்தில் இப்போது பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையம் இருக்கிறது. நானும் சி.வி.யை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே இருந்தவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.